வளரும் சான்றுப்பொருள்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் உதவி ஆய்வாளர்களுக்கும் அரசு மருத்துவமனைப் பிணவறைப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



'அழுகிய நிலையில் ஆண் சடலம்' என்று நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். நாங்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலிக்காத்தான் காட்டுக்குள் இறங்கியவர்கள் நீங்கள். ஸ்ட்ரெச்சர் போகாத இடத்திலிருந்து பாயில் சுற்றித் தூக்கி வந்ததும், மேசையில் கிடத்திக் கழுவியதும் நீங்கள்தான். அந்த வேலையின் பாரம் தெரியாமல், வெளியே நின்று புத்தி சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நான் காவல்துறைக்காரன் அல்ல, மருத்துவனும் அல்ல. பூச்சியியல் பாடம் நடத்தியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈக்கள்தான்.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான். அந்தப் புழுக்களைக் கழுவி விடுவதற்கு முன்னால், பினாயில் ஊற்றுவதற்கு முன்னால், கொஞ்சத்தை முறையாக எடுத்து வையுங்கள்.

பிரேத விசாரணை அறிக்கையில் 'உடல் அழுகி, புழுக்கள் நெளிந்த நிலையில்' என்று எழுதுகிறீர்கள். மருத்துவரின் அறிக்கையில் 'புழுக்கள் காணப்பட்டன' என்று இருக்கும். அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. என்ன நீளம், உடலில் எந்த இடம், ஒரே வகையா பல வகையா, கூட்டுப்புழு இருந்ததா என்ற எதுவும் இருக்காது. இறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீதிமன்றத்தில் கேட்கும்போது மருத்துவர் உடலின் நிறத்தையும் வீக்கத்தையும் தோல் உரிந்ததையும் வைத்து 'மூன்று முதல் ஐந்து நாள்' என்பார். உடல் விறைப்பும் சூடும் முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் துணை வரும். அதற்குப் பிறகு ஓரளவு நம்பிக்கையோடு நாள் சொல்லக்கூடியது அந்தப் புழுதான். அதைத்தான் நாம் சாக்கடையில் விட்டுவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புட்டி என் மேசைக்கு வந்தது. ஃபார்மலினில் ஊறி விறைத்த புழுக்கள். மேலே ஒட்டிய தாளில் குற்ற எண் மட்டும் இருந்தது. எடுத்த நாள் இல்லை, நேரம் இல்லை, உடலில் எந்த இடம் என்பது இல்லை. உயிரோடு ஃபார்மலினில் போட்டார்களா, செத்த பிறகா என்பதும் தெரியவில்லை. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். எடுத்தவர் அக்கறையோடுதான் எடுத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மற்றச் சான்றுப்பொருள்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நீங்கள் கைப்பற்றிய அரிவாள் ஐந்து ஆண்டு கழித்தும் அதே அரிவாள்தான். ரத்தக்கறை படிந்த லுங்கி, உடைந்த வளையல், மதுப் புட்டி எல்லாம் அப்படியே இருக்கும். புழு மட்டும் உங்கள் கையில் இருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். உயிரோடு வைத்தால் வளரும், கூடு கட்டும், ஈயாகிப் பறந்தும் போய்விடும். குளிரில் வைத்தால் வளர்ச்சி தளரும். தவறான முறையில் கொன்றால் சுருங்கும், கறுக்கும். ஆகவே நீங்கள் கைப்பற்றுவது வெறும் புழுவை அல்ல. இந்த மணிக்கு, இந்த வெப்பத்தில், இந்த இடத்தில் இருந்த புழுவை. மணியும் வெப்பமும் எழுதப்படாத புழுவை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஈயின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. நம் ஊரில் பிணத்துக்கு முதலில் வருவது பெரும்பாலும் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும், பெரிய சிவந்த கண்கள் கொண்ட ஈ. கிரைசோமையா மெகசெஃபாலா என்பது அதன் பெயர். மீன் சந்தையில் நீங்கள் விரட்டுவதும் அதைத்தான். கண்ணோரம், மூக்குத் துளை, வாய், காது, காயம் ஆகிய இடங்களில் ரவையைக் குவித்தது போல முட்டையிடும். சாம்பல் நிறத்தில், முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள் ஓடும் இன்னொரு ஈ முட்டையே இடாது, நேராகக் குட்டிப் புழுக்களையே போட்டுவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு முறை தோல் உரித்து மூன்று பருவங்களைக் கடக்கிறது. அதன் பின்முனையில் மூச்சுவிடும் துளைகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டாம் பருவத்தில் இரண்டு பிளவுகள், மூன்றாம் பருவத்தில் மூன்று பிளவுகள். நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். தின்று முடித்த புழு உடலை விட்டு ஊர்ந்து போய் மண்ணுக்குள்ளோ பாய்க்கடியிலோ பழுப்பு நிறக் கூடாகிறது. நம் கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ ஒன்பது பத்து நாளில் முடிந்துவிடும்.

புழுவை வைத்து நாள் சொல்வது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. 1935இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் மருத்துவராக இருந்தவர் பக் ரக்ஸ்டன். பம்பாயில் பிறந்த பார்சி. அந்த ஆண்டு செப்டம்பர் நடுவில் அவருடைய மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனார்கள். செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபட் ஊருக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் துண்டு துண்டாக்கப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் செய்தித்தாளிலும் துணியிலும் சுற்றிக் கிடந்தன. முகம் சிதைக்கப்பட்டிருந்தது, விரல் நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. உடற்கூறு தெரிந்த கை செய்த வேலை. அடையாளம் காண மண்டையோட்டின் படத்தையும் உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்திப் பார்த்தார்கள்; அந்த உத்திக்காகவே இந்த வழக்கு பெயர் பெற்றது. ஆனால் அங்கே இருந்தவர்களில் யாரோ ஒருவர் புழுக்களையும் எடுத்து வைத்தார். கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் மியர்ன்ஸ் அவற்றைப் பார்த்து, கலிஃபோரா விசினா என்ற நீல ஈயின் புழுக்கள், 12 முதல் 14 நாள் வயது என்று சொன்னார். காணாமல் போன நாளோடு அது பொருந்தியது. 1936 மே மாதம் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். வழக்கு அந்தப் புழுக்களை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தப் புழுக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 90 ஆண்டு ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஒரு புட்டியைச் சரியாக மூடி வைத்தால் கிடைக்கும் லாபம் அது.

இனி வேலைக்கு வருவோம்.

இடத்துக்குப் போனதும் உடலைப் புரட்டாதீர்கள். முதலில் படம் எடுங்கள், முகத்தையும் காயங்களையும் அருகில் அளவுகோல் வைத்து. அடுத்தது வெப்பமானி. புழுக்கள் கும்பலாக இருக்கும் இடத்துக்குள் நுனியைச் செருகி அளவு பாருங்கள். கும்பலுக்குள் சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் சூடு இருக்கும். கை வைத்தால்கூடத் தெரியும். உடலைத் தூக்கிய அடுத்த நிமிடம் அந்தச் சூடு கலைந்துவிடும், பிறகு கிடைக்காது. அதன் பின் நிழலில் நெஞ்சு உயரத்தில் காற்றின் வெப்பம், உடலுக்கு அடியில் மண்ணின் வெப்பம். அறைக்குள் என்றால் மின்விசிறி ஓடியதா, குளிர்சாதனம் ஓடியதா, சன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதையும் எழுதுங்கள். மூடிய அறைக்குள் ஈ நுழையவே ஒரு நாள் ஆகலாம்.

வெப்பத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். கும்பலில் சேராத தனிப் புழுவுக்குத் தன் உடற்சூடு என்று ஒன்று கிடையாது. வெளிச்சூட்டை வாங்கித்தான் வளர்கிறது. கணக்குக்காக, 10 டிகிரிக்குக் கீழே அது வளராது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஒரு நாள் இருந்தால், 20ஐ 24ஆல் பெருக்கி 480 டிகிரி-மணி சேரும். 20 டிகிரியில் ஒரு நாள் இருந்தால் 240தான். வேலூர் வெயிலில் மூன்று நாளில் எட்டும் பருவத்தை எட்டக் கொடைக்கானல் குளிரில் ஆறு நாளுக்கு மேல் பிடிக்கும். ஒரே அளவுள்ள இரண்டு புழுக்கள், ஒன்றுக்கு மூன்று நாள் வயது, மற்றதற்கு ஆறு. ஆகையால் வழக்கைத் தீர்மானிப்பது புழுவைவிட வெப்பக் கணக்குதான் என்று சொன்னாலும் தப்பில்லை. வானிலைத் துறையின் பதிவு கிடைக்கும், ஆனால் மீனம்பாக்கத்துப் பதிவு உங்கள் ஏரிக்கரைக் கருவேலங்காட்டுக்குப் பொருந்தாது. உடலை எடுத்த பிறகு அதே இடத்தில் நான்கைந்து நாள் வெப்பம் பதிவு செய்தால், இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று தெரிந்துவிடும், அதைக்கொண்டு பழைய நாள்களையும் திருத்திக் கணக்கிடலாம். தானாகப் பதியும் சிறு கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு காவலர் தினம் மூன்று வேளை போய் வெப்பமானியைப் பார்த்து நேரத்தோடு குறித்து வந்தாலும் போதும்.

எடுப்பதில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. கண்ணில் படும் பெரிய புழுக்களை மட்டும் ஒரே இடத்திலிருந்து அள்ளிப் போடுவார்கள். பெரியது வேண்டும்தான், முதலில் வந்தது அதுவாக இருக்கலாம். ஆனால் சிறியதும் வேண்டும், முட்டையும் வேண்டும், பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும் வேண்டும். முகத்திலிருந்து எடுத்தது ஒரு புட்டி, வயிற்றுக் காயத்திலிருந்து எடுத்தது இன்னொரு புட்டி, மண்ணிலிருந்து எடுத்தது மூன்றாவது. ஒரு புட்டிக்கு ஐம்பது அறுபது புழு இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் கரண்டி, மெல்லிய வண்ணத்தூரிகை, மழுங்கிய இடுக்கி போதும். முட்டையையும் இளம் புழுவையும் இடுக்கியால் பிடித்தால் நசுங்கும். ஈரத் தூரிகையால் தொட்டு எடுங்கள்.

உடலை எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. அந்த இடத்து மண்ணைச் சில விரற்கடை ஆழம் கிளறுங்கள், உடல் கிடந்த இடத்தைச் சுற்றிச் சில மீட்டர் தூரமும் பாருங்கள். மூத்த புழு ஊர்ந்து போகும் என்றேன் அல்லவா? வழக்கில் மிக மூத்த சாட்சி உடலில் இருக்காது, பக்கத்து வரப்பில் மண்ணுக்குள் இருக்கும். வீட்டுக்குள் என்றால் பாய்க்கடி, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், சுவரோரம். எலிப்புழுக்கை என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடும் பழுப்பு நிறக் கட்டைகள் பல நேரம் கூட்டுப்புழுக்கள். ஒரு முனை திறந்து காலியாகக் கிடக்கும் கூட்டையும் விடாதீர்கள். அதிலிருந்து ஈ வெளியேறிவிட்டது, அதாவது ஒரு தலைமுறை முழுதாக முடிந்துவிட்டது என்று பொருள். மூடிய வீட்டின் சன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் ஈக்களும் அதைத்தான் சொல்லும். தூக்கில் தொங்கிய உடல் என்றால் நேர் கீழே தரையைப் பாருங்கள், விழுந்த புழுக்கள் அங்கே இருக்கும். கிணற்றில் கிடைத்த உடலுக்கு ஈ கணக்கு உடல் மிதக்கத் தொடங்கிய பிறகுதான் தொடங்கும்.

இப்போது டீக்கடை. கேலி செய்யவில்லை. ஃப்ளாஸ்கில் வெந்நீர் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த புழுக்களில் பாதியை அரை நிமிடம் அந்த வெந்நீரில் போடுங்கள். கொதித்துக்கொண்டிருக்க வேண்டாம், 80 டிகிரிக்கு மேல் இருந்தால் சரி. புழு உடனே செத்து, நீண்டு நேராக நிற்கும், நிறமும் வெளுப்பாகவே இருக்கும். பிறகு ஸ்பிரிட்டில் மாற்றுங்கள். உயிரோடு நேராக ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டு சுருங்கிக் கறுத்துவிடும். நீளத்தை வைத்துத்தான் வயது பார்க்கிறோம். சுருங்கிய புழு இளைய புழுவாகக் கணக்கில் வரும். சில மில்லிமீட்டரில் பல மணி நேரம் போய்விடும். அந்தச் சில மணி நேரத்தில் ஒருவர் ஊரில் இருந்தார் இல்லை என்பது மாறிப்போகும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது புழுவை விறைக்க வைத்துவிடும், மரபணுச் சோதனைக்கும் ஆகாது. மருத்துவமனையில் கிடைக்கும் ரெக்டிஃபைட் ஸ்பிரிட் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் எண்பது சதவீத அளவுக்கு வந்துவிடும். மரபணுவுக்காக நான்கைந்து புழுக்களைத் தண்ணீர் சேர்க்காத ஸ்பிரிட்டில் தனியாக வையுங்கள். புட்டியில் புழுக்களைத் திணிக்காதீர்கள், புழுவின் உடல் நீர் கலந்து ஸ்பிரிட் நீர்த்துப்போகும். மறுநாள் ஒரு முறை ஸ்பிரிட்டை மாற்றினால் இன்னும் நல்லது.

மீதிப் பாதியை உயிரோடு வைக்க வேண்டும். இது கேட்பதற்கே சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் புழுவாக இருக்கும்போது பல ஈ வகைகள் ஒன்று போலவே இருக்கும், ஈயாக வெளிவந்தால் வகை திட்டமாகத் தெரிந்துவிடும். காற்றுப் போகும்படி மெல்லிய துணி கட்டிய டப்பா, அடியில் ஈரம் கோத்த மரத்தூள், மேலே கறிக்கடையில் வாங்கிய ஈரல் துண்டு, இவ்வளவுதான் தேவை. காற்றுப் புகாமல் மூடினால் மூச்சுமுட்டிச் சாகும். ஜீப்பின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெந்து சாகும். உடலில் சிறு முள் போன்ற முனைகள் வரிவரியாக நீட்டிக்கொண்டிருக்கும் புழு ஒன்று உண்டு, கிரைசோமையா ரூஃபிஃபேசீஸ் என்பார்கள். அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் விடாதீர்கள். பக்கத்துப் புழுக்களைத் தின்றுவிடும். மறுநாள் ஆய்வகத்தில் திறக்கும்போது சான்றுப்பொருளைச் சான்றுப்பொருளே தின்று தீர்த்திருக்கும். மஹஜரில் அதை எப்படி எழுதுவீர்கள்?

சீட்டுகளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தடித்த தாளில் ஒரு சீட்டு புட்டிக்கு உள்ளே, இன்னொன்று வெளியே. குற்ற எண், எடுத்த தேதி, மணி, உடலில் எந்த இடம், எடுத்தவர் பெயர், கொன்றதா உயிருள்ளதா, கொன்றது எத்தனை மணிக்கு. உயிருள்ள டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் வைத்த நேரமும் எடுத்த நேரமும். இந்தக் கடைசி வரிதான் எல்லோரும் விடுவது.

பிணவறைப் பணியாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். இடத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் கடைசி வாய்ப்பு உங்களுடையது. உடல் எத்தனை மணிக்குக் குளிர்பதனத்தில் போயிற்று, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்பது பதிவேட்டில் இருக்கட்டும். பெரிய புழுக் கும்பல் குளிரிலும் கொஞ்ச நேரம் தன் சூட்டைக் காத்துக்கொண்டு தின்றுகொண்டிருக்கும், ஆகவே உள்ளே வைத்ததோடு எல்லாம் நின்றுவிட்டது என்று கொள்ள முடியாது. உடல் வந்த பை, சட்டைக் காலர், வேட்டி மடிப்பு, தலைமுடியின் அடி, இவற்றையெல்லாம் கழுவுவதற்கு முன் பாருங்கள். வீட்டில் வாடகை ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு புகார் வந்து உங்களிடம் கொண்டுவரப்பட்ட உடலாகவும் இருக்கலாம். அதைக் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

இல்லாததும் சான்றுதான். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரில் 2001 ஜூலையில் ஓர் ஆண் கொலையுண்டு கிடந்தார். உடல் கண்டெடுக்கப்பட்டது இரவு பத்து மணி வாக்கில். கிர்ஸ்டின் லொபாட்டோ என்ற இளம்பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தது. கொலை நடந்ததாகச் சொன்ன நாளில் பெரும்பகுதி அவர் நூற்றைம்பது மைலுக்கு மேல் தள்ளி இருந்த தன் ஊரில் இருந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பூச்சியியலாளர்கள் அந்த உடலின் படங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: கடுங்கோடை, திறந்த காயங்கள், ஆனால் ஈ முட்டை ஒன்றுகூட இல்லை. ஈக்கள் பெரும்பாலும் இரவில் முட்டையிடுவதில்லை. அதனால் அந்தச் சாவு பகலில் நடந்திருக்க முடியாது, பொழுது சாயும் நேரத்திலோ அதற்குப் பிறகோதான். 2017 இறுதியில் அவருடைய தண்டனை ரத்தானது. 2001இல் யாரோ காயங்களைத் தெளிவாகப் படம் பிடித்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. ஆகவே முட்டை, புழு எதுவும் இல்லையென்றால் 'கண், மூக்கு, வாய், காயம் பார்க்கப்பட்டன; ஈ முட்டையோ புழுவோ இல்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டால், இல்லையா அல்லது பார்க்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

நம் ஊருக்கு மிக நெருக்கமான ஒன்று பூச்சிமருந்து. 1989இல் வெளியான ஆய்வு ஒன்றில் குணதிலக, கோஃப் என்ற இருவர், ஹவாயில் அழுகிய நிலையில் கிடைத்த ஓர் உடலில் இருந்த புழுக்களை அரைத்துப் பரிசோதித்து மாலத்தியான் இருப்பதைக் கண்டார்கள். அந்தப் புழுக்கள் எந்த வகை தெரியுமா? மேலே நான் பெயர் சொன்ன அந்த இரண்டு கிரைசோமையாக்கள்தான். இங்கும் அவையேதான் வருகின்றன. குடல் முழுதும் கரைந்து, உள்ளுறுப்பு என்று எடுத்தனுப்ப எதுவும் மிஞ்சாத உடலில்கூட, அந்த உடலைத் தின்ற புழுவுக்குள் நஞ்சு இருக்கலாம். எவ்வளவு குடித்தார் என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது, என்ன குடித்தார் என்பது தெரியலாம். நஞ்சுக்கென்று எடுக்கும் புழுக்களை ஸ்பிரிட் இல்லாமல் தனியாக உறைய வையுங்கள். இன்னொன்று, இதை நாள் கணக்குப் பார்ப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். மருந்து தின்ற புழு வழக்கமான வேகத்தில் வளராமல் போகலாம்.

பூச்சியியலாளரிடம் எதைக் கேட்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'எத்தனை மணிக்கு இறந்தார்' என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல முடிந்தது, குறைந்தது இத்தனை நாளுக்கு முன் ஈ முட்டையிட்டது என்பது மட்டுமே. மழை பெய்திருக்கலாம், உடலைப் பாலித்தீனில் சுற்றியிருக்கலாம், எறும்புகள் முதல் நாள் முட்டைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எறும்பு இன்னொரு வேலையும் செய்யும். செத்த உடலின் தோலை அரித்துச் சிராய்ப்பு போலவும் அமிலம் பட்டது போலவும் தடம் விடும். அதைக் காயம் என்று எழுதிவிட்டு ஒரு குடும்பத்தையே சந்தேகிக்கும் நிலை வரலாம். எறும்பைக் கண்டால் அதையும் நாலைந்து எடுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள், சாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று படம் எடுங்கள். உயிரோடு இருக்கும்போதே புழு வைப்பதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவரின் படுக்கைப் புண்ணில் ஈ முட்டையிட்டிருந்தால் புழுவின் வயது சாவின் வயதைவிட அதிகமாக இருக்கும். கணக்கு அங்கே தப்பும். ஆனால் அந்த முதியவரை எத்தனை நாள் யாரும் கவனிக்காமல் விட்டார்கள் என்பதைப் புழுவே சொல்லிவிடும். எனவே புண்ணில் எடுத்ததையும் கண்ணில் எடுத்ததையும் கலக்காதீர்கள்.

எங்கே அனுப்புவது என்று கேட்பீர்கள். இதில்தான் உங்கள் மேலதிகாரிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட்டில் போட்ட புட்டி மற்றப் பொருள்களைப் போலப் படிவம் 95இல் நீதிமன்றம் வழியாகப் போகலாம், அவசரமில்லை. உயிருள்ள டப்பா அந்த வரிசையில் காத்திருக்காது. ஒரே நாளில் அதைக் கையில் வாங்க ஓர் ஆள் வேண்டும். மதராஸில் 1849லேயே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கிய மாநிலம் இது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. நம் நாட்டு ஈக்களை இனம் பிரிக்கும் நூலையே சீனியர்-வைட்டும் இரு துணையாசிரியர்களும் 1940இல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பூச்சியியல் ஆசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் காவல் கட்டுப்பாட்டு அறையில் இருந்தால் போதும், புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அழுகிக் கிடைக்கும் உடல்களில் பெரும்பாலானவை சந்தேக மரணம் என்று 194ஆம் பிரிவில்தான் பதிவாகின்றன. முதல் நாள் அது கொலை என்று யாருக்கும் தெரியாது, நிபுணரும் வரமாட்டார். அங்கே நிற்பது நீங்களும், முகம் சுளித்துத் தள்ளி நிற்கும் பஞ்சாயத்தார்களும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பத் துடிக்கும் கிராம நிர்வாக அலுவலரும்தான்.

பயிற்சி இல்லாமல் செய்தால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வோமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும், நியாயமான பயம்தான். வெந்நீர் கிடைக்காமல் நேராக ஸ்பிரிட்டில் போட்டீர்களா? அப்படியே எழுதுங்கள், நிபுணர் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். வெப்பம் பார்க்க இரண்டு மணி நேரம் தாமதமாயிற்றா? அதையும் எழுதுங்கள். குறையோடு எடுத்ததை மறைக்காமல் எழுதினால் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட குறையைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்டுபிடிப்பார், அவருக்கு அதுதான் தொழில்.

மூன்று அகன்ற வாய்ப் புட்டிகள், ஒரு தூரிகை, ஒரு வெப்பமானி, ஒரு ஃப்ளாஸ்க், ஒரு பென்சில். அடுத்த முறை ஜீப் கிளம்பும்போது பின் இருக்கைக்கு அடியில் இவை இருக்கட்டும். ஸ்பிரிட்டை மட்டும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து நிழலில் வையுங்கள், வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

அன்புடன்,
ஒரு பூச்சியியல் ஆசிரியர்